அறக்கட்டளைக் கதவைத் தட்டும் முன்: சமூகநீதிப் பணியில் இறங்கும் சிறு அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் இருளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கத் தொடங்கும் நான்கைந்து இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். வகுப்பு தொடங்கிச் சில மாதங்களில் அவர்களுக்கு ஒன்று புரியவரும். பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதற்குக் காரணம் பாடம் கடினமாக இருப்பது மட்டுமல்ல. பழங்குடிச் சாதிச் சான்றிதழ் இல்லாததால் கல்வி உதவித்தொகை கிடைப்பதில்லை, குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லை, பெற்றோர் முன்பணம் வாங்கிய கடனுக்காகச் செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ கட்டுண்டு கிடக்கிறார்கள். பாடம் சொல்லப் போனவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடக்கத் தொடங்குகிறார்கள். அதுவரை தொண்டாக இருந்தது அந்த இடத்தில் சமூகநீதிப் பணியாக மாறுகிறது. அதுவரை சட்டைப் பையிலிருந்து கொடுத்த பேருந்துச் செலவும் அந்த இடத்தில்தான் போதாமல் போகிறது. தமிழ்நாட்டுச் சூழலையும் இந்தியச் சட்டங்களையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்த வழிகாட்டி, அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது.

யாரிடம் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மொழியில் பணம் கொடுப்பவருக்கும் அந்தப் பணத்தில் வேலை செய்பவருக்கும் அறக்கட்டளை என்ற ஒரே பெயர்தான். புதியவர்கள் பல மாதங்களை வீணாக்குவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான். பெரிய தொழிற்குடும்பங்களின் அறக்கட்டளைகளில் பல, பிற அமைப்புகளுக்கு நிதி கொடுப்பவையல்ல. தாங்களே நேரடியாகப் பணி செய்பவை. முருகப்பா குழுமத்தின் ஏஎம்எம் அறக்கட்டளை 1953 முதல் இயங்குகிறது. அம்பத்தூர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனையையும் பள்ளிகளையும் அதுவே நடத்துகிறது. டிவிஎஸ் குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996-இல் தொடங்கப்பட்டுத் தன் பணியாளர்களைக் கொண்டே கிராமங்களில் வேலை செய்கிறது. இத்தகைய அமைப்புகளிடம் பணம் கேட்பதைவிட, உங்கள் ஊரில் அவர்கள் செய்யும் பணியோடு இணைந்துகொள்ள முடியுமா என்று கேட்பதே பொருத்தம்.

நிதி கொடுப்பதையே பணியாகக் கொண்ட அறக்கட்டளைகள் வேறு வகை. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, 1992-இல் தொடங்கப்பட்ட நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் இந்தியா, தலித் மக்களின் உரிமைப் பணிக்கென்றே 2003-இல் தொடங்கப்பட்ட தலித் ஃபவுண்டேஷன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் அலுவலகம் தொலைவில் இருந்தாலும், உரிமை, நியாயம், பாகுபாடு போன்ற சொற்களை நீங்கள் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய இடங்கள் இவைதான். மூன்றாவது வகை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது எல்லோரும் சிஎஸ்ஆர் என்று சொல்வது. நான்காவது, ஊரிலேயே இருக்கும் குடும்ப அறக்கட்டளைகளும், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்களும், வணிகர் சங்கங்களும். இவர்கள் தரும் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் உங்களைத் தெரிந்தவர் தரும் பணம் என்பதால் அது விரைவாக வரும்; அடுத்த பெரிய அறக்கட்டளையிடம் காட்டுவதற்கு அதுவே ஒரு சாட்சியாகவும் அமையும்.

எந்த அறக்கட்டளையானாலும், அதன் நோக்கம் என்ன, யாருக்காக அது ஏற்படுத்தப்பட்டது என்று படித்துவிட்டுப் போங்கள். கொடை பெரிதாக இருக்கும். அதன் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வள்ளல் பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற செல்வத்திலிருந்து 1842-இல் சென்னையில் உருவான கல்வி நிலையம் தமிழகத்துக்குச் செய்த நன்மை அளவிட முடியாதது. ஆயினும் 1947-இல்தான் அது எல்லா மதத்தினருக்கும் கதவைத் திறந்தது. கொடைக்கும் நீதிக்கும் இடையில் இப்படியொரு தொலைவு எப்போதும் உண்டு. அந்தத் தொலைவைக் குறைப்பதுதான் உங்களைப் போன்ற அமைப்புகள் அறக்கட்டளைகளுக்குச் செய்யும் உதவி. ஆகவே யாசகம் கேட்கும் மனநிலையோடு போக வேண்டியதில்லை.

பதிவும் வரிச் சான்றுகளும்

பதிவு செய்ய மூன்று வழிகள் உள்ளன. அறக்கட்டளை ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் இலாப நோக்கற்ற நிறுவனமாகவும் பதியலாம். அறக்கட்டளை வடிவம் எளிது என்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள். என் கருத்தில், மக்களே உறுப்பினராகி, ஆண்டுதோறும் கூடிப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விரும்பும் அமைப்புக்குச் சங்க வடிவமே ஏற்றது. எந்த வடிவமானாலும், பொறுப்பாளர்களில் கணவன், மனைவி, மைத்துனர் என்று ஒரே குடும்பத்தினர் நிறைந்திருந்தால் நிதி தருபவர் தயங்குவார். நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் இருவராவது பொறுப்பில் இருக்கட்டும். அதுவும் பெயருக்காக இல்லாமல், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தோடு இருக்கட்டும்.

நோக்கப் பகுதியை எழுதும்போது ஓர் அச்சம் எழுவதுண்டு. ஒரு குறிப்பிட்ட சாதியினரின் நன்மைக்கென்று எழுதினால் வருமான வரி விலக்கு கிடைக்காதே என்று சிலர் எச்சரிப்பார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பொதுவாக அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென்று ஏற்படுத்தப்பட்ட அமைப்புகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆகவே யாருக்காக வேலை செய்கிறீர்களோ அவர்கள் பெயரை மறைக்காமல் எழுதுங்கள்.

பதிவுக்குப் பின் நிரந்தரக் கணக்கு எண் (பான்), அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, பிறகு அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்குத் தரும் 12ஏபி பதிவும், நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி அனுமதியும் வருமான வரித் துறையிடம் பெற வேண்டும். முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகமாகவும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு முறையாகவும் இவை தரப்படுகின்றன. 12ஏபி பதிவு சிறிய அமைப்புகளுக்கு 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் வகையில் 2025-இல் விதி தளர்த்தப்பட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் பழகிய பழைய எண்களையே இங்கே தருகிறேன். விண்ணப்பிக்கும்போது புதிய எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பதிந்து அடையாள எண் பெறுவதையும் இதோடு முடித்துவிடுங்கள்.

80ஜி பற்றி நன்கொடையாளரிடம் அளவுக்கு மீறி வாக்குறுதி தர வேண்டாம். ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது; புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு எந்த 80ஜி கழிவுமே கிடையாது. நீங்கள் பெற்ற நன்கொடைகளின் பட்டியலை ஆண்டுதோறும் மே 31-க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்று அனுப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 200 கட்டணம் ஏறும். சிறு அமைப்பை இது நொறுக்கிவிடும் என்பதால், ரசீது எழுதும் போதே கொடுப்பவரின் நிரந்தரக் கணக்கு எண்ணையும் வாங்கிவையுங்கள்.

வேலையை எண்ணிக்கையில் வைத்திருத்தல்

இந்தப் படியில்தான் சமூகநீதிப் பணி செய்பவர்கள் மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். மருத்துவ முகாம் நடத்துபவர் எத்தனை பேருக்குக் கண் பார்த்தோம் என்று சொல்லிவிடுவார். ஒரு தெருவின் சுடுகாட்டுப் பாதைக்காக இரண்டு ஆண்டுகள் மனுக் கொடுத்தவர், பாதை வராதவரை தன்னிடம் காட்ட ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்கிறார். அது தவறான எண்ணம். அந்த இரண்டு ஆண்டுகளில் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களுக்கு எண் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விகளுக்குத் தேதியிட்ட பதில் இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்ததும், பத்தாவது கூட்டத்துக்கு அறுபது பேர் வந்ததும் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இவை எல்லாம் எண்ணத்தக்கவை. ஆனால் அன்றன்றைக்கே எழுதிவைத்தால்தான் எண்ண முடியும்.

ஆகவே நிதி கேட்பதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே ஒரு குடும்பப் பதிவேட்டைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் போதும். குடும்ப அட்டை உண்டா, ஆதார் உண்டா, கோட்டாட்சியர் வழங்கிய பழங்குடிச் சான்றிதழ் எத்தனை பேரிடம் இருக்கிறது, மனைப்பட்டா யார் பெயரில், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், வெளியூருக்கு வேலைக்குப் போனவர் யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று எழுதுங்கள். எழுதுவதற்கு முன் எதற்காகக் கேட்கிறோம் என்று அவர்களிடம் சொல்லி இசைவு பெறுங்கள். கொத்தடிமை முறை பற்றிய குறிப்புகள் தவறான கைக்குப் போனால் அந்தக் குடும்பத்துக்கே ஆபத்து. ஆதார் எண்ணைக் குறித்துவைக்காதீர்கள். இருக்கிறதா இல்லையா என்பது போதும். நிதி தரும் அறக்கட்டளைக்குத் தொகுப்பு எண்களை மட்டும் காட்டுங்கள். பெயருள்ள பக்கங்கள் உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

இந்தப் பதிவேடு இன்னொன்றையும் காட்டும். சட்டம் ஏற்கெனவே தர ஒப்புக்கொண்டது எவ்வளவு, அதில் வந்து சேராதது எவ்வளவு என்பதே அது. கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு 2021-இல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி உடனடி உதவியாக ரூ. 30,000 வரை வழங்கலாம். அதன் பின் மறுவாழ்வுத் தொகையாக ஆணுக்கு ரூ. 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ. 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானவர்களுக்கு ரூ. 3 லட்சம் என்று வகுக்கப்பட்டுள்ளது. வழக்குக்கு வழக்கறிஞர் வேண்டுமென்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. இல்லாதது, அந்த உதவி இருக்கும் நகரம் வரை போய்வர வழிச்செலவும், அன்றைய கூலி இழப்புக்கு ஈடும், உடன் வர ஒரு களப்பணியாளரும். அறக்கட்டளையிடம் நீங்கள் கேட்பது இந்தச் சிறு இடைவெளியை நிரப்பும் பணத்தைத்தான். இதைத் தெளிவாகச் சொன்னால் திட்ட அதிகாரிக்கு உங்கள் பணியின் மதிப்பு உடனே விளங்கும்.

கருத்துக் குறிப்பும் வரவுசெலவுத் திட்டமும்

முதலில் இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பு மட்டும் எழுதுங்கள். எங்கே, யாரோடு, என்ன சிக்கல், இதுவரை என்ன செய்தோம், அடுத்த ஓராண்டில் என்ன செய்வோம், அதற்கு எவ்வளவு வேண்டும் என்ற ஆறும் அதில் இருந்தால் போதும். தமிழிலேயே எழுதிவிட்டு, ஆங்கிலம் கேட்கும் இடங்களுக்கு மட்டும் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதியதைக் குடியிருப்புக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்ட முடியும். தங்களைப் பற்றி எழுதப்பட்டதில் தவறு இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, ஊதியத்தைக் குறைத்துக் காட்டுவது. தொண்டு செய்பவர் சம்பளம் கேட்கலாமா என்ற கூச்சம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஆனால் சமூகநீதிப் பணியில் செலவாவது சிமெண்டோ புத்தகப் பையோ அல்ல, மனிதர்களின் நேரம். களப்பணியாளரின் ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பயணம், அலுவலக வாடகை, தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றை உள்ளபடியே எழுதுங்கள். குறைத்துக் காட்டியவர் ஓராண்டுக்குள் அதே சமூகத்திலிருந்து வந்த இளம் பணியாளரைப் பட்டினி போடுவார், அல்லது கணக்கை வளைப்பார். இரண்டும் அநீதியே.

சிஎஸ்ஆர் நிதி கேட்கும்போது, நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதே என்று நிறுவனத்தினர் சொல்லக்கூடும். 2021-இல் திருத்தப்பட்ட விதிகளில் உள்ள அந்த வரம்பு, நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பணிகளின் பொது நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. ஆகவே உங்கள் களப்பணியாளரின் சம்பளம் திட்டச் செலவுதான் என்பதைப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆலைகளின் பணம்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ. 500 கோடி, விற்றுமுதல் ரூ. 1,000 கோடி, நிகர இலாபம் ரூ. 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஆலைச் சுவருக்கு அருகில் இருக்கும் குடியிருப்பு ஒன்றில் வேலை செய்பவர் இந்த வாசகத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தில் செய்யத்தக்க பணிகளைப் பட்டியலிடும், சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ‘சமூகநீதி’ என்ற சொல்லைத் தேட வேண்டாம். சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைத்தல், பாலினச் சமத்துவம் என்று அது குறிப்பிடுகிறது. உங்கள் விண்ணப்பம் அந்தச் சொற்களைத் தொட்டு நிற்கட்டும்.

நிறுவனங்கள் உங்களுக்கு சிஎஸ்ஆர் பணம் தர, நீங்கள் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும்; அந்த நிறுவனமே ஏற்படுத்தாத வெளி அமைப்பாக இருந்தால் மூன்று ஆண்டு அனுபவமும் 12ஏபி, 80ஜி சான்றுகளும் தேவை. ஆகவே புதிய அமைப்புக்கு இது முதல் ஆண்டில் கிடைக்கும் பணம் அல்ல. நான்காம் ஆண்டில் கேட்பதானால், நிதியாண்டின் முற்பாதியிலேயே போய்ப் பேசிவிடுங்கள். மார்ச் மாத இறுதியில் செலவழித்தாக வேண்டிய அவசரத்தில் வரும் பணம் நாற்காலியாகவும் கணினியாகவும் வரும். உங்களுக்கு வேண்டிய களப்பணியாளராக வராது.

ஒரு கேள்விக்கு மட்டும் பணம் வருவதற்கு முன்பே விடை வைத்திருங்கள். நிலத்தடி நீரை எடுத்ததாகவோ கழிவை ஏரியில் விட்டதாகவோ உங்கள் மக்கள் குற்றம்சாட்டும் அதே ஆலை நிதி தர முன்வந்தால் என்ன செய்வீர்கள்? வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இருந்தாலும், வேண்டுமா வேண்டாமா என்பதை அலுவலக அறையில் நான்கு பேர் தீர்மானிக்கக் கூடாது. குடியிருப்பில் கூட்டம் கூட்டி, தொகையையும் நிபந்தனையையும் சொல்லி, அங்கே முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மக்கள் முடிவோடு மறுத்துவிட்டு வரும் அமைப்பை மற்ற அறக்கட்டளைகள் மதிப்போடு பார்க்கும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பணம் எத்தனை தவணையில் வரும், செலவாகாத தொகையைத் திருப்ப வேண்டுமா, ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு எவ்வளவு மாற்றலாம் என்பவை முதல் மூன்று கேள்விகள். அடுத்து, படங்கள். பயனாளிகளின் படங்களைக் கேட்கும்போது எல்லோர் முகத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கொத்தடிமை மீட்பிலும் வன்கொடுமை வழக்கிலும் முகம் காட்டுவது சாட்சியை அச்சுறுத்தலுக்கு ஆளாக்கும் என்று எழுத்தில் சொல்லுங்கள். போராட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது, அரசை எதிர்த்து வழக்குத் தொடரக் கூடாது என்பது போன்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பேசித் திருத்துங்கள். திருத்த மறுத்தால் விட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு நிதிக்கும் தனித் தலைப்பில் கணக்கு எழுதி, பில்லும் வவுச்சரும் அந்தந்த மாதமே கோத்து வையுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும் நாளில் தேடத் தொடங்கினால் கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்தைத் தொடக்கத்தில் எண்ணவே வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான சட்டத்தின்படி செய்யும் எஃப்சிஆர்ஏ பதிவுக்கு மூன்று ஆண்டுப் பணியும், அந்தக் காலத்தில் ரூ. 15 லட்சம் முதன்மைப் பணிகளுக்குச் செலவிட்டதற்கான கணக்கும் தேவை. 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நிதி பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. அதற்கு முன் பெரிய அமைப்புகள் வழியாகச் சிறு ஊர்க் குழுக்களுக்கு வந்துகொண்டிருந்த உதவி இதனால் நின்றுபோனது. உள்ளூர்க் கொடை இன்று முன்னைவிடப் பன்மடங்கு தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவருக்கும் கட்டுப்படாத சிறு தொகை

அறக்கட்டளைப் பணம் எவ்வளவு வந்தாலும், நிபந்தனையற்ற ஒரு தொகை உங்கள் கையில் தனியே இருக்க வேண்டும். நள்ளிரவில் ஒரு சூளையிலிருந்து தப்பி வந்த குடும்பத்தைத் தங்கவைக்க எந்தத் திட்டத் தலைப்பிலும் இடம் இருக்காது. ரிப்பன் கபூரும் ஆறு நண்பர்களும் 1979-இல் 50 ரூபாயோடு தொடங்கிய, குழந்தைகள் உரிமைக்கான கிரை (CRY) அமைப்பு, பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டே இன்று பல மாநிலங்களில் சிறு அமைப்புகளுக்குத் துணை நிற்கிறது. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மருந்துக் கடைக்காரர், வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் என்று முப்பது பேரிடம் மாதம் 200 ரூபாய் கேளுங்கள். ஆண்டுக்கு ரூ. 72,000 சேரும். யார் யார் எவ்வளவு தந்தார்கள், எதற்குச் செலவானது என்று ஒரே பக்கத்தில் எழுதி மாதந்தோறும் அனுப்புங்கள். அதே பக்கத்தை மக்கள் கூடும் இடத்திலும் ஒட்டிவையுங்கள். முதல் அறக்கட்டளையின் திட்ட அதிகாரி உங்கள் குடியிருப்புக்கு வரும் நாளில், அலுவலகக் கோப்புக்கு முன்பாக அவருக்கு அந்தச் சுவரைக் காட்டுங்கள்.